முகம் இழுக்கிறது நின்றால் அம்மாவின் மனமும் தெளியுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவுக்கு 58 வயது, வீடு திருகோணமலை உப்புவெளியில். நாலு வருடமாக இரண்டு கண்ணும் தானாக இறுக மூடிக்கொள்கிறது, இரண்டு வருடமாகத் தாடையும் வாயும் சேர்ந்து கோணுகிறது, கொழும்பில் போடும், தசையைத் தளர்த்துகிற பொட்டொக்ஸ் ஊசி முன்பு மூன்று மாதம் தாங்கியது இப்போது ஐந்து கிழமையும் தாங்குவதில்லை, மூளைக்குள் கம்பி வைக்கிற ஒப்பரேசனுக்கு இந்தியா போய்ப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், கனடாவில் இருக்கிற மாமா காசு தரத் தயார். இதற்கிடையில் அம்மா ஒரு வருடமாக யாரோடும் கதைப்பது குறைவு, வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். ஒப்பரேசனுக்கு முதல் மனநல டொக்டரிடம் காட்டிக் கடிதம் எடுங்கள் என்று டொக்டர் சொன்னதில் வீட்டில் எல்லோருக்கும் கோபம், "அம்மாவுக்கு என்ன விசரா" என்று அண்ணா கேட்டிருக்கிறார். நீங்கள் கேட்பது இதுதான்: ஒப்பரேசன் செய்தால் மனமும் சேர்ந்து சரியாகுமா, இல்லாவிட்டால் மூளையைத் தொட்டதால் மனம் இன்னும் கெட்டுப்போகுமா?

நான் சில வருடம் நரம்பியல் வார்டிலும் அதன்பிறகு மனநலப் பிரிவிலும் வேலை செய்த டொக்டர், ஊர் உவர்மலை. இந்த ஒப்பரேசனை நான் செய்வதில்லை, செய்துவிட்டு ஊர் திரும்பினவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நேராகவே சொல்கிறேன். முகம் நல்லாக வர நியாயமான வாய்ப்பு இருக்கிறது. மனம் கெட்டுப்போகும் என்று பயந்து ஒதுங்கத் தேவையில்லை. ஆனால் முகம் சரியானால் மனம் தானாகச் சரியாகும் என்று நம்பி இப்போது ஒன்றும் செய்யாமல் இருக்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கவலை.

முதலில் வருத்தம் என்னவென்று பார்ப்போம், ஏனென்றால் பெயர் பிழைத்தால் ஒப்பரேசனும் பிழைக்கும். கண் இமையைச் சுற்றியிருக்கிற தசையும் தாடை, வாய், நாக்குத் தசைகளும் நாங்கள் கேட்காமலே இறுகி இழுக்கிற இந்த வருத்தத்துக்கு மேய்ஜ் நோய் என்று பெயர். 1910ல் இதை விவரித்து எழுதிய பாரிஸ் நரம்பியல் வைத்தியர் ஹென்றி மேய்ஜின் பெயர் அது. தசைகள் தானாக இறுகி இழுக்கிற டிஸ்டோனியா என்கிற நோய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, நடுத்தர வயது தாண்டிய பெண்களுக்குத்தான் கூட வரும். இதில் கண்ணில் ஒரு பழுதும் இருக்காது, பார்வை நல்லாகவே இருக்கும், இமை திறக்காததால்தான் குருடு மாதிரி ஆகிவிடுவார்கள். நித்திரையில் முகம் அமைதியாகிவிடும். வெயில், காற்று, பதற்றம், ஆட்கள் முறைத்துப் பார்ப்பது எல்லாம் கூட்டும்.

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடித்து இழுத்தால் அது வேறு வருத்தம். முகத்து நரம்பு மூளையை விட்டு வெளியே வருகிற இடத்தில் இரத்தக் குழாய் ஒன்று அமர்த்துவதால் வருவது, நித்திரையிலும் துடிக்கும், அதற்கு ஒப்பரேசனும் வேறு. அம்மாவுக்கு இரண்டு பக்கமும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் அது இல்லை என்றே நினைக்கிறேன். இன்னொன்றும் பார்க்க வேண்டும், அதை எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். வாந்திக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் தருகிற மெட்டோகுளோபிரமைட், தலைச்சுற்றுக்குத் தருகிற புரோகுளோர்பெராசின், சின்னரிசின், புளூனரிசின், மனநோய்க்குத் தருகிற ஹலோபெரிடோல் போன்றவற்றை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கும் முகம் இப்படி இழுக்க வரும். "தலைச்சுற்றுக் குளிசை" என்று பார்மசியில் துண்டு இல்லாமல் வாங்கி வருடக்கணக்கில் விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! சின்னரிசினும் புளூனரிசினும் முகத்தோடு நிற்காது, மனச்சோர்வையும் கொண்டுவரும். அம்மா கடந்த ஐந்து வருடம் எடுத்த எல்லாக் குளிசைகளின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், வெற்று மட்டைகள் இருந்தால் அவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இந்த வருத்தத்தோடு வெளியே போவது என்றால் என்னவென்று வீட்டில் இருக்கிற எங்களுக்கு முழுதாக விளங்காது. கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, கொளுத்துகிற பத்து மணி வெயிலில், டச்பே பக்கம் கடலில் பட்டுத் தெறிக்கிற அந்த வெளிச்சத்தில், ஒரு கையில் குடை, மற்றக் கை பேரனின் தோளில், இரண்டு கண்ணும் மூடினபடி நடந்து வருவார். கதிரையில் இருந்ததும் இடது பக்க நெற்றிப்பொட்டில் சுண்டுவிரலை மெதுவாக வைப்பார், இமை இரண்டும் கதவு மாதிரித் திறக்கும். அந்த நேரம் பார்த்து என் முகத்தைப் பார்ப்பார், சுவரில் இருக்கிற கலண்டரை வாசிப்பார், விரலை எடுத்ததும் மறுபடி இறுகும். இப்படி ஒரு இடத்தில் தொட்டால், பாக்கு மென்றால், ஒரு பாட்டை முணுமுணுத்தால் இழுப்பு விடுவது டிஸ்டோனியாவுக்கே உரிய அடையாளம், நோயை உறுதி செய்ய அதுவும் எங்களுக்கு உதவுகிறது. ஆனால் பார்க்கிற சனம் என்ன சொல்கிறது? "தொட்டால் திறக்குது, அப்ப நடிப்புத்தானே." அந்த அம்மாவின் மருமகள் என் முன்னாலேயே இதைச் சொன்னாள். நாவூறு கழித்து, செய்வினை என்று கழிப்புச் செய்து, தண்ணி ஓதிக் குடித்து, எல்லாம் முடித்து ஐந்து வருடத்துக்குப் பிறகுதான் அவர் சரியான இடத்துக்கு வந்திருந்தார்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நாங்கள் ஒருவரின் மனதை அவர் முகத்தில்தான் பார்க்கிறோம். புருவம் சுருங்கி, கண் இறுகி, வாய் கோணி இருக்கிற முகம் கோபக்கார முகமாக, அருவருக்கிற முகமாகத் தெரியும். அம்மா சிரிக்கத் தொடங்கும்போதே தசை வேறு பக்கம் இழுக்கும். பேரப்பிள்ளை பயந்து அழும். சம்பந்தி வீட்டுக்காரர் "உங்கட அம்மாவுக்கு எங்களைப் பிடிக்கேல்லைப் போல" என்பார்கள். இப்படி நாலு வருடம் போனால் எவருக்கும் மனம் சோரும்தானே என்பீர்கள். சரி. அது உண்மை, ஆனால் பாதி உண்மை.

மற்றப் பாதியை நாங்கள் மருத்துவத்தில் கொஞ்சம் பிந்தித்தான் புரிந்துகொண்டோம். டிஸ்டோனியா உள்ளவர்களில் மனச்சோர்வும் பதற்றமும் பொதுவான சனத்தை விடக் கூட. அதில் கவனிக்க வேண்டியது, முகம் எவ்வளவு மோசம் என்பதும் மனம் எவ்வளவு மோசம் என்பதும் பல வேளை ஒத்துப்போவதில்லை. கொஞ்சமாக இமை வெட்டுகிறவர் படுக்கையை விட்டு எழும்பாமல் கிடப்பார், வாய் திறக்கவே முடியாதவர் கடை நடத்திக்கொண்டிருப்பார். சிலருக்கு முகம் இழுக்கத் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே மனச்சோர்வு வந்துபோயிருக்கும். காரணம் மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூளையின் ஆழத்தில் பேசல் கங்கிலியா என்று சில நரம்பணுத் திரள்கள் உண்டு. அசைவுக்கு ஒரு சுற்று, யோசனைக்கு ஒரு சுற்று, உணர்ச்சிக்கு ஒரு சுற்று என்று தனித்தனிச் சுற்றுகள் அந்தத் திரள்களுக்குள்ளால் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒரே சுவருக்குள் மூன்று வயர் போன மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பழுது ஒரு வயரில் மட்டும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி இருந்தது, நீங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, நான் அங்கேயே நின்றுவிட்டேன். "அம்மா கடல் வந்ததில இருந்து நல்லா நித்திரை கொள்றதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். அதாவது முகம் இழுக்கத் தொடங்கி நாலு வருடம்தான், நித்திரை போனது அதற்கும் எவ்வளவோ முதல். எங்கள் மாவட்டத்தில் அந்த வயதில் இருக்கிறவர்களுக்கு யுத்தம் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், யாரும் உட்கார்ந்து கேட்காத துக்கம் உள்ளே கிடக்கிறது. அந்தத் துக்கத்தை எந்தக் கம்பியாலும் எடுக்க முடியாது. மனநல டொக்டரைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

இப்போது ஒப்பரேசன். ஆழ்மூளைத் தூண்டல் என்று தமிழில் எழுதுகிறார்கள், ஆஸ்பத்திரியில் டி.பி.எஸ். என்றுதான் சொல்வார்கள். 1987ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட், பொல்லாக் என்ற இருவரும் நடுக்கத்துக்காகத் தொடங்கியது, பிறகு கை நடுங்கி அசைவு மெதுவாகிற பார்கின்சன் நோய்க்கு வந்தது, அமெரிக்காவில் 2003ல் டிஸ்டோனியாவுக்கும் அனுமதி கிடைத்தது. மண்டையோட்டில் இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, ஒன்றேகால் மில்லிமீற்றர் அளவு தடிப்பமுள்ள மெல்லிய கம்பியை மூளைக்குள் குறித்த இடம் வரை இறக்குவார்கள், நுனியில் சின்னச் சின்ன மின்முனைகள் இருக்கும். வயர் தோலுக்கு அடியால் காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்தால் வந்து, தோள் எலும்புக்குக் கீழே நெஞ்சில் வைக்கிற பற்றரிப் பெட்டியில் சேரும். அது செக்கனுக்கு 130 தடவை அளவில் சின்ன மின்துடிப்பு கொடுத்துக்கொண்டே இருக்கும். மூளையை வெட்டி எடுப்பது ஒன்றும் இல்லை, வேண்டாம் என்றால் நிறுத்தலாம், கூட்டலாம், குறைக்கலாம். அண்ணா "மூளையைக் கரண்ட் வைத்துச் சுடுகிறது" என்று நினைத்தால் அது பிழை என்று சொல்லுங்கள்.

எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் மனதின் கதை வருகிறது. முகத்து டிஸ்டோனியாவுக்கு இரண்டு இடங்களில் ஒன்றைத் தெரிவு செய்வார்கள். ஒன்று குளோபஸ் பலிடஸின் உட்பகுதி, ஜி.பி.ஐ. என்பார்கள். மற்றது சப்தலமிக் நியூக்ளியஸ், எஸ்.டி.என். முதலாவது கொஞ்சம் பெரிய இடம், அதில் அசைவுக்கான பகுதி பின்பக்கமாகக் கீழே ஒதுங்கி இருக்கிறது. இரண்டாவது சின்னது, பயற்றம் பருப்பு மாதிரி ஒன்றுக்குள் அசைவு, யோசனை, உணர்ச்சி மூன்றும் நெருங்கி இருக்கிற இடம், உணர்ச்சிக்குரியது அதன் கீழ் உள்நுனியில். மின்சாரம் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளிக் கசிந்தாலும் மனம் அசையும்.

இதற்கு மருத்துவம் படித்தவர்கள் மறக்காத ஒரு சம்பவம் இருக்கிறது. 1999ல் பாரிஸில் இருந்து வெளிவந்த அறிக்கை. 65 வயதுப் பெண், பார்கின்சன் நோயாளி, அதற்கு முன்பு மனநோய் எதுவும் இல்லாதவர். கம்பியில் இருக்கிற மின்முனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகும்போது, அசைவுக்கு நல்ல பலன் தந்த முனைக்கு 2 மில்லிமீற்றர் கீழே இருந்த முனைக்கு மின்சாரம் கொடுத்ததும், சில செக்கனுக்குள் அவர் முகம் வாடி, ஒரு பக்கம் சாய்ந்து, அழத் தொடங்கி, இனி வாழ விருப்பமில்லை என்று சொல்லியிருக்கிறார். மின்சாரத்தை நிறுத்தினார்கள். 90 செக்கனுக்குள் எல்லாம் போய்விட்டது, அதன்பிறகு சில நிமிடம் சிரித்துக் கலகலப்பாகவும் இருந்திருக்கிறார். வேறு முனைக்கு மாற்றினதும் பிரச்சினை இல்லை. இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வரவில்லை. இதில் இருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்று: கருவியால் வருகிற மனமாற்றம் அளவு மாற்றின நாளோடு ஒட்டி வரும், அளவை மாற்றினால் போகவும் போகும். அதனால்தான் எந்தத் திகதியில் அளவு மாற்றினார்கள், அதற்கு அடுத்த நாட்களில் அம்மா எப்படி இருந்தார் என்று எழுதி வைக்கச் சொல்வேன். திகதி இல்லாவிட்டால் வருத்தத்தால் வந்த சோர்வா, கருவியால் வந்த சோர்வா, பழைய துக்கமா என்று பிரிக்கவே முடியாது.

சரி, செய்தவர்களுக்கு என்ன நடந்தது? மேய்ஜ் நோய்க்கென்று நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் செய்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு கிடையாது, சின்னச் சின்னக் குழுக்களின் அறிக்கைகள்தான், அதில் கணிசமானவை சீனாவில் இருந்து வந்தவை. பெரும்பாலானவற்றில் ஒரு வருடம் போல ஆகும்போது முக இழுப்பின் கடுமைக்குப் போடுகிற மதிப்பெண் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அது நல்ல பலன். மனதைப் பொறுத்தவரை அப்படி ஒரே பக்கமாக இல்லை. சில குழுக்களில் மனச்சோர்வு, பதற்ற மதிப்பெண்களும் குறைந்திருக்கின்றன, சிலவற்றில் அசையவேயில்லை. உடம்பு முழுவதும் டிஸ்டோனியா உள்ள 22 பேரை வைத்துப் பிரான்சில் செய்து 2005ல் வெளிவந்த ஆய்வு இதில் தெளிவானது. ஜி.பி.ஐ.யில் கம்பி வைத்து ஒரு வருடத்தில் அசைவுக் கோளாறின் மதிப்பெண் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, மனநிலையும் ஞாபகசக்தியும் அப்படியே இருந்தன. கெடவும் இல்லை, தேறவும் இல்லை. உங்கள் இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

ஒருவரை நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். இந்தியாவில் ஒப்பரேசன் செய்துவிட்டு வந்த ஒரு ரீச்சர், நிலாவெளிப் பக்கம். எட்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். முகம் ஏரித்தண்ணி மாதிரி, கண் நல்லாகத் திறந்திருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இல்லை, பத்திரிகையைத் தானே வாசிக்கிறார். ஆனால் யன்னல் எல்லாம் பூட்டியிருந்தது. வீதிக்குப் போவதில்லை. ஏன் ரீச்சர் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் மேசையில் இருந்த கைலேஞ்சியை நாலாக மடித்தார், விரித்தார், பிறகும் மடித்தார். "இப்ப எல்லாருக்கும் நான் சுகம். இனி எனக்குக் கவலை எண்டு சொல்ல ஒரு காரணமும் இல்லை" என்றார். ஆறு வருடம் அந்தக் கைலேஞ்சியால்தான் முகத்தை மறைத்துக்கொண்டு வெளியே போனவர். மகள்மார் காணியை விற்று ஒப்பரேசன் செய்தவர்கள், அம்மா சந்தோசமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள், இவருக்குச் சந்தோசம் வரவில்லை, வராததற்குக் குற்ற உணர்ச்சி வேறு. அளவைச் சரிபார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கி, கிழமைக்கொரு தரம் கதைத்து, நாலைந்து மாதத்தில்தான் அவர் பஸ் ஏறி மார்க்கெட் வரை போனார். அவருக்கு ஒப்பரேசனுக்கு முதல் யாரும் மனதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு வருடம் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

அதனால் மனநல டொக்டரின் கடிதம் என்பது உங்கள் அம்மாவை விசர் என்று எழுதித் தருகிற துண்டு இல்லை. டி.பி.எஸ். செய்கிற ஒழுங்கான எந்த இடத்திலும் நரம்பியல் டொக்டர், மூளை சத்திரசிகிச்சை நிபுணர், மனநலம் பார்க்கிறவர் மூவரும் சேர்ந்துதான் தீர்மானிப்பார்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா போன்ற இடங்களில் இந்த ஒப்பரேசன் நடக்கிறது. எங்கே போனாலும் அவர்கள் இதைக் கேட்பார்கள், கேட்காத இடம் என்றால் எனக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் வரும். மனச்சோர்வு இருக்கிறது என்பதற்காக அம்மாவை ஒதுக்கிவிடவும் மாட்டார்கள். கடுமையான மனச்சோர்வோ, தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ இப்போது இருந்தால் முதலில் அதைத் தணித்துவிட்டுப் பிறகு செய்வார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி விசயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பார்கின்சனுக்காக எஸ்.டி.என்.இல் கம்பி வைத்த 5311 பேரைப் பற்றிப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் திரட்டி 2008ல் வெளியிட்ட கணக்கில், 0.45 சதவீதமானவர்கள் தற்கொலை செய்து இறந்திருந்தார்கள், 0.90 சதவீதமானவர்கள் முயன்றிருந்தார்கள். முதல் வருடம்தான் கூடுதல் ஆபத்து. ஒப்பரேசனுக்குப் பிறகும் தொடர்கிற மனச்சோர்வும் முன்பு ஒரு தரம் முயன்றிருப்பதும் ஆபத்தைக் கூட்டுகிறவை. அது வேறு நோய், உங்கள் அம்மாவுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது, ஆனால் டிஸ்டோனியாவிலும் ஒன்றிரண்டு பேருக்கு நடந்ததாக அறிக்கைகள் உண்டு. ஆகவே அம்மாவிடம் நேராகக் கேளுங்கள், "சாகலாம் போல எப்பவாவது நினைச்சனீங்களா அம்மா" என்று. கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள், கேட்டால் பாரம் குறையும். ஓம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் ஒருவரும் இல்லை என்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. பொட்டொக்ஸ் தாங்கவில்லை என்றால் உடனே அது தோற்றுவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். போடுகிற அளவு, இமையில் எந்தப் புள்ளியில் போடுகிறார்கள், தாடையில் எந்தத் தசை என்பதெல்லாம் மாற்றிப் பார்க்கலாம். இமையின் ஓரத்துக்குக் கிட்டப் போட்டதும் சிலருக்கு நல்லாகத் திறக்கும். இதை ஊசி போடுகிற டொக்டரிடம் ஒரு தரம் கேளுங்கள். ஊசியைத் தவிர அம்மா எடுக்கிற குளிசைகளையும் பாருங்கள். டெட்ராபெனசின் தந்திருந்தால் அது இழுப்பைக் குறைக்கும், மனச்சோர்வைக் கூட்டும். டிரைஹெக்சிபெனிடில் வாயை வரட்டும், மலச்சிக்கல் தரும், வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் குழப்பும். குளோனசெபாம் எடுத்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக டொக்டர் சொல்கிற கணக்கில்தான். மனநல டொக்டர் மருந்து எழுதும்போது முகத்து டிஸ்டோனியா இருக்கிறது என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள், சில மனநோய் மருந்துகள் இழுப்பைக் கூட்டக்கூடியவை, அவர் அதற்கேற்ற மாதிரித் தெரிவு செய்வார்.

கேள்வித்தாள் வைத்து மனதை அளப்பார்கள், ஒன்பது கேள்வி உள்ள பி.எச்.கியூ. 9 மாதிரி. அதில் சாப்பாடு குறைவா, ஆட்கள் கவனிக்கிற அளவுக்குக் கதை, அசைவு மெதுவாகிவிட்டதா என்றெல்லாம் வரும். தாடை இழுப்பதால் சாப்பிட முடியாமல் இருக்கிறவருக்கும் மனம் விட்டுப்போய்ச் சாப்பிடாதவருக்கும் ஒரே புள்ளிதான் விழும். நீங்கள் பக்கத்தில் இருந்து பிரித்துச் சொல்லுங்கள். சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாரா, பிடித்த கறி வைத்தாலும் வேண்டாம் என்கிறாரா? மாலை நேரம் வெளிச்சம் குறைந்து இமை திறந்திருக்கும்போதும் ஒருவரோடும் கதைக்காமல் இருக்கிறாரா? வெயில் நேரத்தில் கோயிலுக்குப் போகாதது முகத்தால், இருட்டின பிறகும் போகாதது மனதால். இந்த மாதிரி வீட்டு விசயங்களை எந்தக் கேள்வித்தாளும் கேட்காது.

ஒப்பரேசன் என்று முடிவானால் ஒரு ஏமாற்றத்துக்கு முன்கூட்டியே தயாராகுங்கள். கம்பி வைத்த கையோடு, கருவியைப் போட முதலே, சிலருக்கு முகம் நல்லாகிவிடும். கம்பி இறங்கின இடத்தில் வருகிற சின்ன வீக்கத்தால் வரும் தற்காலிகப் பலன் அது, சில நாளில், சில கிழமையில் போய்விடும். குடும்பம் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லி முடிய மறுபடி இழுக்கத் தொடங்கும், அந்த நேரம்தான் அம்மாவின் மனம் இடிந்து போகிற இடம். டிஸ்டோனியாவில் உண்மையான பலன் கிழமைகள், மாதங்கள் எடுத்துத்தான் வரும், பார்கின்சன் மாதிரி சுவிட்ச் போட்டதும் இல்லை. அளவு சரிசெய்ய முதல் வருடத்தில் பல தரம் போக வேண்டும், பலாலியில் இருந்தோ கட்டுநாயக்காவில் இருந்தோ பறந்து போய் வாடகைக்கு இருந்து வருகிற செலவையும் மாமாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். காசு பாதி வழியில் முடிந்து அளவு சரிசெய்யாமல் வீட்டில் இருப்பது ஒப்பரேசன் செய்யாததை விட வேதனை.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விபரமாக அங்கே சொல்வார்கள். கம்பி இறக்கும்போது மூளைக்குள் இரத்தம் கசிவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும், கிருமி தொற்றினால் சில வேளை கருவியையே எடுக்க வேண்டி வரும், பேச்சுக் குழறலாம். சாதாரணப் பற்றரி மூன்று முதல் ஐந்து வருடம், சார்ஜ் செய்கிறது பத்து வருடத்துக்கு மேல். கரண்ட் அடிக்கடி போகிற வீடு என்றால் எது வசதி என்று கேளுங்கள். பற்றரி திடீரென்று முடிந்தால் இழுப்பு முன்பை விட மோசமாகத் திரும்பி வரலாம். முழங்கால் நோவுக்குப் பிசியோதெரபியில் டயதெர்மி என்று ஒரு சூடு கொடுப்பார்கள், கருவி உள்ளவருக்கு அது அறவே கூடாது, உயிருக்கே ஆபத்து. கருவி அட்டையை எப்போதும் அம்மாவின் பையில் வையுங்கள், பல்லுப் பிடுங்கப் போனாலும் காட்டுங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், அடுத்த இரண்டு மூன்று மாதத்தை மனதுக்குக் கொடுங்கள். மனநலக் கிளினிக்குக்குப் போங்கள், நித்திரையைச் சரிசெய்யுங்கள், கடல் வந்த நாளைப் பற்றி அம்மா ஒருவரிடம் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். ஊசியையும் ஒரு தரம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் முகம் அம்மாவை வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தால் தயங்காமல் இந்தியாவுக்குக் கடிதம் எழுதுங்கள், நானும் தேவையான விபரம் எழுதித் தருகிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது தங்கச்சி. இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், மாமா சொன்னது, அண்ணா சொன்னது, டொக்டர் சொன்னது எல்லாம் இருக்கிறது. மண்டையில் துளை போடப் போவது அம்மாவுக்கு, அவருக்கு இது வேண்டுமா என்று அவர் சொன்ன ஒரு சொல்லும் அதில் இல்லை. இன்றைக்கே கேளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, வாசலில் கதிரை போட்டு இருத்திவிட்டு, தேத்தண்ணி கொடுத்துக் கேளுங்கள். அந்த நேரத்தில்தான் அவருக்குக் கண் திறந்திருக்கும், உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்.